கெயின் என்கிற திருகு

சத்தத்தைக் கூட்டுவதில் நமக்குள்ள உற்சாகம், அதன் அளவை அறிந்துகொள்வதில் இல்லை. கோயில் திருவிழாவின் கூம்பு ஒலிபெருக்கியிலும் அரசியல் மேடையிலும் இதைப் பார்த்துப் பழகியிருக்கிறோம். காருக்குள் சப்-ஊஃபர் வந்தபோது இதே மனோபாவம் நாலு கதவுகளுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான். இங்கு நான் பேச நினைப்பது ஒரு சின்னத் திருகைப் பற்றி. கார் ஆம்ப்ளிஃபயரின் பக்கவாட்டில், பெரும்பாலும் ஸ்க்ரூ டிரைவர் முனையால்தான் திருப்ப முடிவதாக, 'கெயின்' என்ற எழுத்துக்குக் கீழே இருப்பது அது.

இந்தத் திருகை வால்யூம் என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். அது வால்யூம் அல்ல, ஒரு பொருத்தம். முன்னால் இருக்கும் ஸ்டீரியோ வெளியே அனுப்பும் மின்னழுத்தம் ஒரு செட்டில் 2 வோல்ட், இன்னொன்றில் 4 அல்லது 5 வோல்ட். எத்தனை வோல்ட் உள்ளே வரும்போது ஆம்ப்ளிஃபயர் தன் முழுத் திறனை எட்ட வேண்டும் என்று அதற்குச் சொல்லிவைப்பதுதான் கெயின். கடைசிவரை திருகிவிட்டால் திறன் கூடிவிடுவதில்லை. இருக்கிற திறன் சீக்கிரமே தீர்ந்துபோகிறது. அதற்கு மேல் ஸ்டீரியோவைக் கூட்டும்போது கொடுப்பதற்கு ஆம்ப்ளிஃபயரிடம் எதுவும் மிச்சமில்லை.

மிச்சமில்லாத இடத்தில் அலையின் உச்சி வெட்டுப்பட்டுத் தட்டையாகிறது. தொழிலில் இதைக் கிளிப்பிங் என்கிறார்கள். முழுக்கத் தட்டையாகிச் சதுரமாகிவிட்ட அலை, அதே உச்சம் கொண்ட சைன் அலையைப் போல இரண்டு மடங்கு சக்தியைச் சுமக்கிறது. ஸ்பீக்கரின் வாய்ஸ் காயில் இதை வெப்பமாக வாங்கிக்கொண்டு கருகுகிறது. கிளிப் ஆன அலையில் நேர்மின்சாரம் பாய்வதால்தான் காயில் போகிறது என்று ஒரு நம்பிக்கை உண்டு. மேலும் கீழும் சமமாக வெட்டுப்பட்ட அலையில் நேர்மின்சாரம் கிடையாது. காரணம் சூடு மட்டும்தான்.

என் அக்கா மகன் வாடகைக் கார் ஓட்டுகிறான். சவாரி இல்லாத நேரங்களில் அவனுக்குத் துணை பாட்டு. தவணையில் வாங்கிய பன்னிரண்டு அங்குல சப்-ஊஃபர் ஒரே வருஷத்தில் இரண்டு தடவை கருகியது. இரண்டாவது தடவை கடைக்காரர் சொன்ன வைத்தியம், இதைவிடப் பெரிய ஆம்ப்ளிஃபயர். அதற்கு இன்னொரு தவணை. "இருக்கறதையே முழுசா வெச்சும் பத்தலையாம் மாமா" என்றான். அந்த 'முழுசா' என்ற சொல்லில்தான் நோய் இருந்தது.

ஆம்ப்ளிஃபயர் வந்த பெட்டியில் 1200 வாட்ஸ் என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தது. கையேட்டின் உட்பக்கத்தில், 4 ஓம்ஸில் ஆர்.எம்.எஸ். 300 வாட்ஸ். எது நிஜம் என்பதை ஃப்யூஸ் சொல்லிவிடும். அதில் இருந்தது 30 ஆம்பியர். இஞ்சின் ஓடும்போது 13.8 வோல்ட் என்று வைத்தால் உள்ளே வரக்கூடியது 414 வாட்ஸ். வந்ததில் ஒரு பங்கு சூடாகப் போகும். ஆக 300 நம்பத்தக்கது; 1200 என்பது விளம்பரம்.

300-ஐ 4-ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 34.6. ஸ்பீக்கர் முனையில் இருக்க வேண்டிய வோல்ட் அதுதான். இஞ்சினை ஓடவிட்டு, ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றினோம். பேஸ் பூஸ்ட், லவுட்னஸ் எல்லாவற்றையும் அணைத்தோம். கெயினைக் கடைசிவரை குறைத்துவிட்டு, ஸ்டீரியோவின் 40 படிகளில் 30-ல் வால்யூமை நிறுத்தி, முழு அளவில் பதிவான 50 ஹெர்ட்ஸ் சைன் ஒலியை ஓடவிட்டோம். வீட்டு மின்சாரமும் 50 ஹெர்ட்ஸ்தான் என்பதால் எலக்ட்ரீஷியன் பையில் கிடக்கும் சாதாரண மல்டிமீட்டரே இதற்குப் போதும். ஏ.சி. வோல்ட்டில் வைத்து மெதுவாகத் திருப்பிக்கொண்டே போனோம். 34.6 வந்தபோது திருகு பாதி தூரம்கூடப் போயிருக்கவில்லை.

மல்டிமீட்டருக்கு அலையின் வடிவம் தெரியாது. கையேடு சொன்ன எண்ணை நம்பி நாம் போட்ட கணக்கைத்தான் அது சரிபார்க்கிறது. வெட்டுப்படும் கணத்தைக் கண்ணால் பார்க்க ஆஸிலோஸ்கோப் வேண்டும். ஸ்டீரியோவே 30-வது படியில் அலையை வெட்டி அனுப்பினால், பின்னால் எந்தத் திருகும் அதை ஒட்டவைக்காது.

வயர்களை மாட்டிப் பாட்டுப் போட்டதும் அவன் முகம் சுண்டிப்போயிற்று. "அடி குறைஞ்சு போச்சே மாமா." உண்மைதான், குறைந்திருந்தது. இந்த இடத்தில் ரசனை பற்றி உபதேசம் செய்வது சுலபம். ஆனால் அவன் ஆசைக்கு உடம்பிலேயே காரணம் இருக்கிறது. தாழ்ந்த ஒலிகளை, அதுவும் மெதுவாக ஒலிக்கையில், நம் காது குறைவாகவே வாங்குகிறது. ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே இதை அளந்து வரைபடமாக்கிவிட்டார்கள். போதாக்குறைக்கு ஓடும் காரில் டயரின் உறுமல் வேறு அதே பகுதியை மூடுகிறது. ஆகவே பேஸ் கேட்பவனை நாகரிகமற்றவன் என்று ஒதுக்க நான் தயாரில்லை. ஆம்ப்ளிஃபயரின் சக்தியை இரட்டித்தால் கிடைப்பது 3 டெசிபெல்தான். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபெல், அதாவது பத்து மடங்கு சக்தி வேண்டும். கேட்டதையெல்லாம் கொடுத்துக்கொண்டே போனால் இந்தக் கணக்குக்கு முடிவில்லை.

நாலு நாள் கழித்து, இளையராஜாவின் எண்பதுகளின் பாட்டு ஒன்றில் பேஸ் கிடார் தனியாக நடந்துபோவது இப்போதுதான் தெரிகிறது என்று ஃபோனில் சொன்னான். பேஸ் கிடாரின் கனத்த தந்தி 41 ஹெர்ட்ஸ். முன்பும் அது ஒலித்துக்கொண்டுதான் இருந்தது, ஆனால் எல்லா ஸ்வரமும் ஒரே 'டும்' ஆகியிருந்தது. வெட்டுப்பட்ட அலை மூலத்தில் இல்லாத ஸ்வரங்களைத் தன்னிலிருந்து சேர்க்கிறது. உரத்ததற்கும் மெல்லியதற்கும் இடையிலிருந்த தூரத்தை அழித்துவிடுகிறது. மிருதங்கக்காரர் தொப்பியில் ரவையை அப்பிப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டுவது அந்தத் தூரத்துக்காகத்தான் என்று எனக்குப் படுகிறது.

நம் மதிப்புரைகளிலும் இந்த உச்சி வெட்டுப்பட்டு வெகு நாளாகிறது. வருகிற ஒவ்வொரு நாவலும் மகத்தானது, ஒவ்வொரு கவிஞனும் யுகத்தின் குரல். எழுதுகிறவன் பொய் சொல்கிறான் என்று நான் சொல்லவில்லை. திருகு முதல் பக்கத்திலேயே கடைசிவரை போய்விட்டது. நிஜமாகவே மகத்தான ஒன்று வந்து நிற்கும்போது, அதற்குக் கொடுக்க அவனிடம் சொல் மிச்சமில்லை. வாசகனும் பழகிவிடுகிறான்; கொஞ்சம் தாழ்த்திச் சொன்னால் 'அடி குறைந்துவிட்டது' என்கிறான். அவனுக்கு நாலு நாள் தேவைப்படும். அந்த நாலு நாளைத் தாங்குகிற பொறுமை எழுதுகிறவனுக்கும் பத்திரிகைக்கும் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.