கால் வைக்காமலே மிதிபட்ட கிளட்ச்

எங்க பக்கத்துல ஒரு வண்டி வாங்கினா இன்ஜினுக்கு முன்னாடி அடிச்சட்டம் போயிடும். கடல் காத்து ஒரு பக்கம், உப்பு மூட்டையிலிருந்து சொட்டுற தண்ணி இன்னொரு பக்கம். மரக்காணம் உப்பளத்துக்குள்ள ஓடுற வண்டிக்கு அடியில படுத்துப் பாத்தவங்களுக்குத் தெரியும், போல்ட்டு எது, துரு எதுன்னு பிரிக்கவே முடியாது. அதனால இங்க ஒரு கோளாறு வந்தா, எல்லா ஊர்லயும் சொல்ற காரணத்தோட உப்பையும் சேத்துதான் யோசிக்கணும். எங்க பிக்கப்புக்கு கிளட்ச் வழுக்க ஆரம்பிச்ச கதையும் அப்படித்தான். டிரெய்லர் கட்டி இழுக்கிறவங்களுக்கு உதவும்னு விவரமாவே எழுதுறேன்.

பிக்கப்புக்குப் பின்னாடி கொக்கி வெச்சு ரெண்டு சக்கர டிரெய்லர் ஒண்ணு இழுக்கிறோம். மாசத்துக்கு ஒரு சுமை. தை, மாசியில தர்பூசணி, அப்புறம் மல்லாட்டை, நடுவுல சவுக்குக் கழி. வெயில் ஏறிட்டா மாமாவோட உப்பளத்துக்கு நடை. உப்பு வாங்க வர்ற லாரி கிழக்குக் கடற்கரைச் சாலையோட நின்னுடும், வரப்புப் பாதையில உள்ள வராது. அம்பாரத்துலேருந்து ரோடு வரைக்கும் மூட்டை கொண்டு சேக்கிறது நம்ம வேலை. பாதை முழுக்கத் தட்டைதான். கடைசியில ரோட்டுக்கு ஏர்ற இடத்துல மட்டும் ஒரு சின்ன மேடு. அந்த மேடுதான் கிளட்சுக்குப் பரீட்சை.

அது 2025 மே மாசம். 2024 நவம்பர் 30-ந் தேதி ஃபெஞ்சல் புயல் அடிச்சப்போ இங்க உப்பளமெல்லாம் தண்ணியில முங்கிடுச்சு. பாத்தியை மறுபடி சரிபண்ணி உப்பு எடுக்கவே மாமாவுக்கு நாள் பிடிச்சது. வாரி வெச்ச உப்பு வரப்புல கிடக்குது, கீத்து போட்டு மூடியிருக்குது, கோடை மழை வரும்னு ரேடியோவில சொல்லிட்டான். ஒரு நல்ல மழை போதும், அம்பாரம் பாதியாக் கரைஞ்சிடும். மூட்டை பிடிக்க, தூக்கன்னு பன்னெண்டு பேர். அதுல எட்டு பேர் பொம்பளைங்க. வண்டி நின்னா அவங்களுக்குக் கூலி இல்ல. அந்த நேரம் பாத்துதான் வண்டி கத்த ஆரம்பிச்சது.

ஓட்டுறது அண்ணன் மகன். "இன்னா சித்தப்பா, ஆக்சிலேட்டர் குடுத்தா சத்தந்தான் வருது, வண்டி ஏற மாட்டேங்குது. டீசல் ஃபில்டர் அடைச்சிருக்கும் போல"ன்னான். இந்த இடத்துலதான் நிறைய பேர் காசை வீணாக்குறாங்க. காது குடுத்துக் கேட்டாலே போதும். டீசல் சரியா வரலேன்னா இன்ஜின் திணறும், சத்தம் தாழும், உயராது. கிளட்ச் வழுக்கினா இன்ஜின் சுதந்திரமா கத்தும், சுத்து ஏறும், வண்டி மட்டும் அதே வேகத்துல போகும். நாலாவது கியர்ல சுமையோட போறப்போ ஆக்சிலேட்டரை நல்லா அமுக்கிப் பாத்தா பட்டுனு தெரிஞ்சிடும். கூடவே ஒரு கருகல் வாசனை வரும். பிரேக் பிடிச்சுக்கிட்டு ஓடினாலும் அதே மாதிரி வாசனைதான், அதனால சக்கரத்துக்கிட்ட கை கொண்டுபோய் பாருங்க. எங்களுக்கு நாலு சக்கரமும் சாதாரணமா இருந்தது.

கிளட்ச் பெரிய ரகசியம் இல்ல. ஃப்ளைவீல் ஒரு உள்ளங்கை, பிரஷர் பிளேட் இன்னொரு உள்ளங்கை. நடுவுல கிளட்ச் பிளேட். ஸ்பிரிங் அந்த ரெண்டு கையையும் இறுக்கிப் பிடிச்சிருக்கும். பெடலை மிதிச்சா எண்ணெய் அழுத்தத்துல ஒரு பேரிங் போய் ஸ்பிரிங்கைத் தள்ளும், பிடி விடும். அப்போ வழுக்கலுக்கு மூணு வழிதான் இருக்குது. ஒண்ணு பிளேட் தேய்ஞ்சிருக்கணும், இல்லேன்னா ஸ்பிரிங் தளர்ந்திருக்கணும். ரெண்டு, சீல் போய் பிளேட்டுல எண்ணெய் பட்டிருக்கணும். மூணாவதை யாரும் யோசிக்கிறதில்ல. நாம காலை எடுத்த பிறகும் உள்ள ஏதோ ஒண்ணு பெடலை லேசா மிதிச்சுக்கிட்டே இருக்கணும்.

சோதனை ஒண்ணு செஞ்சோம். டிரெய்லரைக் கழட்டிட்டு, சமதளத்துல நிறுத்தி, சக்கரத்துக்குக் கல்லு வெச்சு, ஹேண்ட் பிரேக் இறுக்கி, முன்னாடி யாரும் நிக்காம பாத்துக்கிட்டு, நாலாவது கியர் போட்டுக் கொஞ்சம் ஆக்சிலேட்டரோட கிளட்சை விடணும். நல்ல கிளட்ச்னா இன்ஜின் டக்குனு நிக்கும். ஓடிக்கிட்டே இருந்தா வழுக்குதுன்னு அர்த்தம். ஒரு தடவை செஞ்சா போதும், திரும்பத் திரும்பச் செஞ்சா இருக்கிற பிளேட்டும் கருகிடும். காலையில ஆறு மணிக்குச் செஞ்சப்போ இன்ஜின் டக்குனு நின்னுடுச்சு. நாலு நடை போய் வந்து பதினோரு மணிக்குச் செஞ்சா நிக்கல, ஓடிக்கிட்டே இருந்தது.

டவுன்ல ஒரு ஒர்க் ஷாப்புக்குக் காமிச்சோம். கீழ குனிஞ்சுகூடப் பாக்கல. கியர் பாக்ஸ் இறக்கணும், முழு செட்டும் மாத்தணும், கூலியோட 15,000 ஆகும், ரெண்டு நாள் வண்டி நிக்கும்னுட்டாங்க. தப்பான பேச்சுன்னு சொல்ல மாட்டேன், பத்துக்கு எட்டு வண்டிக்கு அதுதான் மருந்து. ஆனா காலையில பிடிக்குது, மதியம் பிடிக்கலேங்கிற கணக்கு மட்டும் எனக்கு உதைச்சுக்கிட்டே இருந்தது. தேய்ஞ்ச பிளேட்டும் சூட்டுல கொஞ்சம் கூடுதலா வழுக்கும், சரிதான். ஆனா காலையில முழுச் சுமையோட அந்த ரோட்டு மேட்டுல ஒரு துளி வழுக்காம ஏறுதே, அது எப்படி?

அனுமந்தையில லாரி ஓட்டி ஓய்ஞ்ச பெரியவர் ஒருத்தர் இருக்காரு. அவர் கேட்டது ஒரே கேள்வி. "கியர் விழலேன்னு சமீபத்துல யாராச்சும் பெடல்ல கை வெச்சாங்களாப்பா?" வெச்சிருந்தாங்க. ஒரு மாசத்துக்கு முன்னாடி முதல் கியரும் ரிவர்ஸும் கடகடன்னு சத்தம் போட்டுத்தான் விழுந்தது. அது வழுக்கலுக்கு நேர் எதிர்க் கோளாறு, பெடலை மிதிச்சாலும் பிடி முழுசா விடாத கேஸு. அப்போ வேற ஒருத்தர் பெடலுக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும் நடுவுல இருக்கிற ராடை நீட்டிவிட்டுக் குடுத்தாரு. கியர் விழுந்தது, எல்லாருக்கும் சந்தோஷம்.

பெரியவர் பெடல் மேல ஒரு விரல் வெச்சு அமுக்கினாரு. ஆரம்பத்துல கொஞ்சம் லூஸா ஆடணும், ஆட்டமே இல்ல. கியர் பாக்ஸ் மூடிக்கு அடியில கை விட்டுத் தடவினாரு, எண்ணெய் ஈரம் இல்ல. "வழுக்குறப்போ கொண்டா"ன்னாரு. மறுநாள் பதினோரு மணிக்கு, வண்டி வழுக்கிக்கிட்டு இருக்கிறப்பவே ஓரம் கட்டி, கீழ கியர் பாக்ஸ் பக்கம் இருக்கிற லோயர் சிலிண்டர்ல காத்து எடுக்கிற நிப்பிளைக் கால் சுத்து திருகினாரு. பெடல்ல யாரும் கால் வைக்கல. வழக்கமா அதுல எண்ணெய் மெதுவாக் கசியும். அன்னிக்குப் பீச்சி அடிச்சது. நிப்பிளை முடுக்கிட்டு ஓட்டிப் பாத்தா வழுக்கல் காணாம போயிடுச்சு. அடுத்த ரெண்டு நடைக்கு அப்புறம் மறுபடி லேசா ஆரம்பிச்சது.

நடந்தது இதுதான். பெடலை விட்டதும் மாஸ்டர் சிலிண்டர்ல பிஸ்டன் முழுசாப் பின்னாடி வந்து ஒரு சின்ன ஓட்டையைத் திறந்து விடணும். குழாய்ல இருக்கிற எண்ணெய் சூட்டுல விரிஞ்சா அந்த ஓட்டை வழியாத்தான் மேல டப்பாவுக்குப் போகும். ராடை நீட்டினதால பிஸ்டன் முழுசாத் திரும்பல, ஓட்டை மூடியே கிடந்தது. வண்டி சூடாக ஆக எண்ணெய் விரிஞ்சது, போக வழியில்லாம பேரிங்கைத் தள்ளுச்சு. பெடல்ல யாரும் கால் வைக்கல, ஆனா கிளட்ச் மிதிபட்டுக்கிட்டே இருந்தது.

சரி, முதல்ல கியர் ஏன் கடகடன்னுச்சு? அதுக்கும் லோயர் சிலிண்டரைக் கழட்டினதும் பதில் கிடைச்சது. ரப்பர் உறை கிழிஞ்சு, உள்ள உப்புத் தண்ணி பூந்து, பிஸ்டன் பாதித் தூரத்துல துருவேறிச் சிக்கிக்கிட்டு இருந்தது. அதைச் சுத்தம் பண்ணியிருந்தா ராடைத் தொடவே வேண்டியதில்ல. தேய்ச்சு, ரப்பர் கிட்டு மாத்தி, காத்து எடுத்து, ராடை லேசா ஆடுற அளவுக்குக் குறைச்சு வெச்சாரு. ஆன செலவு ஆயிரத்துக்குள்ள. அவருக்குக் காசு வேணாமாம், ஒரு மூட்டை உப்பு போதும்னாரு.

மழைக்கு முன்னாடி அம்பாரத்துல முக்கால்வாசி ரோட்டுக்கு வந்துடுச்சு. மீதி கொஞ்சம் நனைஞ்சது. கூலி ஒரு நாள்தான் விட்டுப்போச்சு. அந்த ஒரு நாளுக்கும் பாதிக் கூலி நான் குடுத்தேன், பாதி மாமா போட்டாரு.

அந்தக் காலத்து உமணருங்க உப்பு வண்டிக்குக் கீழ இன்னொரு அச்சைக் கட்டி எடுத்துட்டுப் போவாங்களாம். புறநானூத்துல ஔவையார் பாட்டு ஒண்ணுல அது சேமஅச்சுன்னு வருது. மேடு பள்ளத்துல என்ன ஆகுமோன்னு யோசிச்சு அன்னிக்கே ஒரு அச்சை ஸ்பேரா வெச்சிருக்காங்க பாருங்க. இப்போ எங்க வண்டி டாஷ்போர்டுல லோயர் சிலிண்டர் ரப்பர் கிட்டு ஒண்ணும், சின்ன டப்பா பிரேக் ஆயிலும் கிடக்குது. வாரம் ஒரு நாள் நல்ல தண்ணி போட்டு அடிப்பாகத்தைக் கழுவுறோம்.

அக்டோபர்ல சீசன் முடிஞ்சதும் கியர் பாக்ஸை இறக்கினோம். பிளேட் தப்பிக்கல. ஒரு மாசம் அரைப்பிடியில ஓடினதுல ரிவெட் தலை தெரியிற அளவுக்குத் தேய்ஞ்சிருந்தது. ஃப்ளைவீல்ல அங்கங்க நீலமா சூட்டுத் தழும்பு, அதையும் லேத்துல குடுத்து முகம் எடுத்தோம். மே மாசமே செட்டை மட்டும் மாத்தியிருந்தா, ராடு அப்படியே இருந்திருக்கும், புதுப் பிளேட்டும் அடுத்த பட்டத்துக்குள்ள கருகியிருக்கும். அண்ணன் மகன் இப்போ அந்த ரோட்டு மேட்டுல நின்னு கிளம்புறப்போ அரை கிளட்சுல வண்டியைத் தாங்குறதில்ல, ஹேண்ட் பிரேக் போட்டு முதல் கியர்லதான் எடுக்கிறான். அவனாவே பெடல்ல விரல் வெச்சு ஆட்டம் பாத்துட்டுத்தான் காலையில சாவி போடுறான்.