ஒற்றைத் தண்டவாளத்து வண்டி

தில்லிக்குச் செல்லும் நம்மவர்கள் செங்கோட்டையையும் குதுப்மினாரையும் பார்த்துவிட்டு, ஆக்ராவுக்கென்று ஒரு நாளை ஒதுக்கி, அத்துடன் யாத்திரையை முடித்துக்கொள்வது வழக்கம். அயல்நாட்டுத் தூதரகங்கள் நிறைந்த சாணக்கியபுரியில், மரநிழலில் பத்து ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பில் அமைந்துள்ள தேசிய இரயில் அருங்காட்சியகத்திற்குச் சென்று வந்தோம் என்று சொல்வோரை நான் அதிகம் கண்டதில்லை. நானும் என் விருப்பத்தால் அங்குச் செல்லவில்லை. 1984-ஆம் ஆண்டு என் தந்தையாரை அழைத்துக்கொண்டு தமிழ்நாடு எக்ஸ்பிரசில் தலைநகர் சென்றபோது, "கோட்டையெல்லாம் இருக்கட்டும், எஞ்சினுங்களை வெச்சிருக்காங்களாமே, அதை முதல்ல காட்டுப்பா" என்று அவர் சொன்னதனால் சென்றேன்.

தந்தையார் தம் வாழ்நாள் முழுவதும் இரயில்வேயில் உழைத்தவர். ஓட்டுநரல்லர், கார்டுமல்லர். மணப்பாறைக்கும் வையம்பட்டிக்கும் இடையேயுள்ள பாதையில் டிராலி தள்ளியவர். பாதையைப் பார்வையிட வரும் பி.டபிள்யூ.ஐ. துரைமார், நான்கு சிறு சக்கரங்களின் மேல் பொருத்திய பெஞ்சில், குடைநிழலில் அமர்ந்து வருவார்கள். அதனைத் தள்ளிக்கொண்டு தண்டவாளத்தின் மேல் வெறுங்காலுடன் ஓடுவோர் இருவர். அவர்கள் களைத்தபின் இறங்கித் தள்ளுவோர் இருவர். சித்திரை வெயிலில் தண்டவாளம் எப்படிக் கொதிக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. எதிரே வண்டி வருகிறதென்று தெரிந்தால் நால்வருமாக டிராலியைத் தூக்கிப் பாதையோரம் வைத்துவிட வேண்டும். தந்தையாரின் உள்ளங்கால்கள் மாட்டுத்தோலைப்போல் இறுகியிருந்தன. சிறு வயதில் அவற்றைக் கண்டு நான் வெட்கப்பட்டதுண்டு என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

இந்த அருங்காட்சியகத்திற்கு 1971-இல் குடியரசுத் தலைவர் வி.வி. கிரி அடிக்கல் நாட்டினார். 1977 பிப்ரவரி முதல் நாள் திறக்கப்பெற்றது. திறந்தவெளியில் வரிசையாக நிற்கும் எஞ்சின்களையும் பெட்டிகளையும் நிதானமாகப் பார்த்து முடிக்க அரை நாள் போதாது. வேல்ஸ் இளவரசரின் வருகைக்காக 1875-இல் செய்யப்பட்ட பெட்டி, பரோடா கெய்க்வாரின் பெட்டி, மைசூர் மகாராஜாவின் பெட்டி ஆகியவற்றின் தேக்கும் தந்தமும் பொன் வேலைப்பாடும் கண்ணைப் பறிக்கின்றன. பள்ளிப் பிள்ளைகள் அவற்றின் சன்னல்களில் முகம் பதித்து நின்றார்கள். தந்தையாரோ ஒரு பார்வை பார்த்துவிட்டு நடந்தார். "இதையெல்லாம் துடைச்சவனுக்குத்தான் கஷ்டம்" என்பதே அவருடைய விமரிசனம்.

அந்நாளில் அங்கு அனைவரும் தேடிச் சென்ற எஞ்சின் 'ஃபேரி குயின்'. 1855-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் கிட்சன், தாம்சன், ஹெவிட்சன் தொழிற்சாலையில் உருவாகி அதே ஆண்டில் கல்கத்தா வந்து சேர்ந்தது. கிழக்கிந்திய இரயில்வே அதற்கு வெறும் 22 என்ற எண்ணை மட்டுமே கொடுத்தது. பெயர் சூட்டப்பட்டது 1895-இல். ஹௌராவுக்கும் ராணிகஞ்சுக்கும் இடையே தபால் வண்டிகளை இழுத்தது. 1857 கிளர்ச்சியின்போது படைவீரர்களைச் சுமந்து சென்றது. பின்னர்ப் பீகாரில் புதிய பாதை போடும் பணிக்கு இறக்கப்பட்டு 1909-இல் ஓய்வு பெற்றது. அதன்பின் 34 ஆண்டுகள் ஹௌரா நிலையத்தின் முன்பு காட்சிப் பொருளாக நின்றது. 1943-இல் சந்தௌசி இரயில்வே பயிற்சிப் பள்ளிக்குச் சென்று மாணவர்களுக்கு வேடிக்கைப் பொருளாயிற்று. நாங்கள் பார்த்தபோது அது ஓடுவதை நிறுத்தி 75 ஆண்டுகள் ஆகியிருந்தன. நடுவில் ஆளுயரத்தை எட்டும் ஒரே ஒரு சோடி இயங்கு சக்கரம், முன்னும் பின்னும் சிறு சக்கரங்கள், அடிவயிற்றில் தண்ணீர்த் தொட்டி. இன்றைய எஞ்சின்களின் பக்கத்தில் வைத்தால் பொம்மை என்றே தோன்றும்.

ஆனால், தந்தையாரைக் கட்டிப் போட்டது வேறொரு வண்டி. பட்டியாலா சமஸ்தானத்தின் ஒற்றைத் தண்டவாள இரயில் அது. சாலையோரமாக ஒரே ஒரு தண்டவாளம். வண்டியின் சக்கரங்கள் அதன் இருபுறத்தையும் கவ்விக்கொண்டு உருளும்படி விளிம்பு வைத்தவை. வண்டி கவிழாதிருக்க, பக்கவாட்டில் ஒரு கை நீட்டி, அதன் முனையில் பெரிய சக்கரமொன்றைப் பொருத்தியிருப்பார்கள். அச்சக்கரம் சாதாரணச் சாலையில் ஓடும். பாரம் ஏறத்தாழ முழுவதும் தண்டவாளத்தின்மேல்; துணைச் சக்கரத்தின்மேல் மிகச் சிறு பங்கே. யூயிங் என்பார் வகுத்த இம்முறையைக் கர்னல் பௌல்ஸ் என்னும் பொறியாளர் 1907-இல் பட்டியாலாவில் நடைமுறைப்படுத்தினார். கோவேறு கழுதைகளும் எருதுகளும் வண்டிகளை இழுத்தன. பெர்லினின் ஆரன்ஸ்டைன் கோப்பல் நிறுவனத்திலிருந்து நீராவி எஞ்சின்கள் நான்கும் தருவிக்கப்பட்டன. மோட்டார் வண்டிகளும் நல்ல சாலைகளும் வந்தபின் 1927-இல் எல்லாம் நின்றுபோயிற்று.

மிச்சமிருந்தவை பட்டியாலாவின் பொதுப்பணித் துறைக் கொட்டகையில் முப்பத்தைந்து ஆண்டுகள் துருவேறிக் கிடந்தன. இந்தியாவில் பணியாற்றிய மைக்கேல் சாட்டோ என்னும் ஆங்கிலேயர், பழைய எஞ்சின்களின்மீது பெரும் பற்றுக் கொண்டவர், 1962-இல் அவற்றைக் கண்டெடுத்தார். ஓர் எஞ்சினை அமிர்தசரஸ் பணிமனைத் தொழிலாளர் மீண்டும் நீராவியில் ஓடும்படி செய்து கொடுத்தனர். தலைமைப் பொறியாளர் பாதையைப் பார்வையிடச் சென்ற சிறு வண்டியும் அக்கொட்டகையிலிருந்து மீட்கப்பட்டது.

அந்தச் சிறு வண்டியின் முன்தான் தந்தையார் நின்றார். அறிவிப்புப் பலகையை நான் மொழிபெயர்த்துச் சொல்லி முடிப்பதற்குள் அவர் தரையில் குந்தி, பக்கச் சக்கரத்தின் அச்சைக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது மேலே பாரம் கூடினா ரோடு பள்ளம் விழும், குறைஞ்சா வண்டி சாயும். கணக்குப் பார்த்துத்தான் செஞ்சிருக்கான்" என்றார். பலகையில் எழுதியிருந்ததைக் காட்டிலும் அது தெளிவாக இருந்தது. பிறகு கேட்டார்: "இதிலே துரை உட்கார்ந்து போனார், சரி. தள்ளினவன் எங்கே ஓடினான்? ஒத்தைத் தண்டவாளம்தானே?"

"கழுதையும் மாடும் இழுத்தன என்று எழுதியிருக்கிறதப்பா."

"கழுதையை ஓட்டினவன் பேரு?"

பலகையில் இல்லை. பௌல்ஸ் இருந்தார், மகாராஜா இருந்தார். தந்தையார் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார். அதன்பின் அவர் எதுவும் கேட்கவில்லை. வெளியே வந்து தேநீர் அருந்தும்போது, தம்முடன் டிராலி தள்ளிய மூவரின் பெயர்களையும், யார் எந்த ஊர், எவருக்கு எத்தனை பிள்ளைகள், எவர் பாம்பு கடித்து இறந்தார் என்பதையும் சொன்னார். அவ்வளவு நாள் அவருடன் ஒரே வீட்டில் வாழ்ந்தும் அவற்றை நான் கேட்டது அன்றுதான். அன்றிரவு தங்குமிடத்தில் அவற்றை ஒரு நாட்குறிப்பில் எழுதி வைத்தேன்.

பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1997-இல், செய்தித்தாளைப் பார்த்து நான் வியந்துபோனேன். நம் பெரம்பூர் பணிமனையார் ஃபேரி குயினைச் சீர்செய்து ஓட வைத்துவிட்டார்கள்! 88 ஆண்டுகள் நின்றிருந்த எஞ்சின் அவ்வாண்டு அக்டோபரில் தில்லியிலிருந்து ஆல்வாருக்குப் பயணிகளை ஏற்றிச் சென்றது. ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின்களில் உலகிலேயே மிகப் பழையது என்று 1998-இல் கின்னஸ் நூல் அதனைப் பதிவு செய்தது. விந்தை என்னவெனில், நம் நாட்டு அகலப் பாதைகளில் நீராவி எஞ்சின்களுக்கு 1995-இலேயே விடை கொடுத்தாயிற்று. கொதிகலனின் குழாயை அடைக்கவும், தட்டிப் பார்த்து ஓசையாலேயே விரிசலை அறியவும் வல்ல கைகள் ஒவ்வொன்றாக ஓய்வு பெற்று வீடு திரும்பிக்கொண்டிருந்த காலம் அது. இன்னும் பத்தாண்டு தாமதித்திருந்தால் இரும்பு இருந்திருக்கும், எரிக்கரி இருந்திருக்கும். செய்து காட்ட ஆள் இருந்திருப்பாரா என்பது ஐயமே. செய்தியைத் தந்தையாருக்குப் படித்துக் காட்டினேன். அப்போது அவருக்குக் கண்பார்வை மங்கியிருந்தது. "பெரம்பூர் ஆளுங்க செய்வாங்க" என்று தலையசைத்துவிட்டு, "அந்த ஒத்தைத் தண்டவாள வண்டி நல்லா இருக்கா?" என்று கேட்டார்.

அவர் மறைந்தபின் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். 2011-இல் தில்லியில் நிறுத்தி வைத்திருந்த ஃபேரி குயினின் உறுப்புகளைத் திருடர் பெயர்த்துச் சென்றனர். 156 வயது எஞ்சினுக்கு உதிரி உறுப்பு எந்தக் கடையில் கிடைக்கும்? ஒவ்வொன்றையும் புதிதாக வார்த்தும் கடைந்தும் செய்ய வேண்டியதாயிற்று. 2017 சூலையில் அது மீண்டும் பாதையேறியது. இதற்கிடையில், அதே தொழிற்சாலையில் அதே 1855-இல் பிறந்த அதன் உடன்பிறப்பு, 21 எண்ணுள்ள 'எக்ஸ்பிரஸ்', ஜமால்பூரில் நெடுங்காலம் காட்சிப் பொருளாக நின்றுவிட்டுப் பெரம்பூர் வந்து, 2010-இல் சென்னையிலேயே புகை விட்டது.

தில்லிக்குக் குடும்பத்துடன் செல்வோர், பிள்ளைகள் குட்டி இரயிலில் சுற்றி வரும் நேரத்தில், பட்டியாலா வண்டியின் பக்கச் சக்கரத்தைச் சற்றே குனிந்து பார்க்க வேண்டுகிறேன். வீட்டில் இரயில்வேயில் உழைத்த பெரியவர் இருந்தால் அவரையும் அழைத்துச் செல்லுங்கள். திங்கட்கிழமை அருங்காட்சியகத்திற்கு விடுமுறை.