நெற் இல்லாத கணினிக்குக் கட்டிய மூட்டை



மூட்டை கட்டுவது எப்படி என்று நம்மில் எவருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை. இடம்பெயரும்போது அரிசியை எடுத்தவள் பானையை விட்டிருப்பாள். பானையை எடுத்தவள் நெருப்புப்பெட்டியை மறந்திருப்பாள். திரும்பிப் போய் எடுக்க வழி இராது. ஒன்று இல்லாவிட்டால் மற்றதும் பயன்படாது என்பதை நாங்கள் பட்டே அறிந்தோம். இந்த அறிவு ஒருநாள் கணினி அறையிலும் கைகொடுக்கும் என்று சமூகவியல் படித்த காலத்தில் நான் எண்ணியதில்லை.

கிளிநொச்சி மாவட்டத்தில் நான் பணிபுரியும் பெண்கள் நிலையத்தில் இரண்டு கணினிகள் உள்ளன. புலம்பெயர்ந்த ஊரவர்கள் அனுப்பியவை. அவற்றில் பத்துப் பெண்கள் முறைவைத்துப் பயிற்சி பெறுகிறார்கள். எங்கள் கோவைகளும் அவற்றில்தான் இருக்கின்றன. காணாமலாக்கப்பட்ட கணவரையும் பிள்ளையையும் தேடும் மனுக்கள், வீட்டு வன்முறை முறைப்பாடுகள், நுண்கடன் கணக்குகள் என்று ஒவ்வொன்றும் ஒரு பெண்ணின் வாழ்க்கை. ஆகவே இந்தக் கணினிகளுக்கு இணைய இணைப்புக் கொடுப்பதில்லை என்று கூடிப் பேசி முடிவெடுத்தோம். இன்று வன்னியில் கைத்தொலைபேசியிலேயே நெற் பார்க்கலாம். வசதி இல்லாததால் அல்ல, வேண்டாம் என்றே இணைக்காமல் விட்டோம்.

புதிய மென்பொருட்கள் தேவைப்பட்டபோது சிக்கல் வந்தது. திருத்த வந்த தம்பி கணினியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"மிஸ், நெற் இல்லாமல் ஒண்டும் ஏத்த ஏலாது. கடைக்குக் கொண்டுபோய்ப் போட்டு ரெண்டு நாளில தாறன்."

பயிற்சிக்கு வரும் அக்கா ஒருவர் எனக்கு முன்னரே பதில் சொன்னார்:

"தம்பி, இதுக்குள்ள என்ர வீட்டுக்காரரைப் பற்றின கடிதமும் கிடக்கு. அதைக் கடையில ரெண்டு நாள் விடேலாது."

அந்தத் தம்பியில் பிழை இல்லை. அவருக்குத் தெரிந்த வழி அதுதான். வேறு வழியை நாங்கள்தான் தேட வேண்டியிருந்தது. நானும் பயிற்சிக்கு வரும் இரண்டு பெண்களுமாக மாலை நேரங்களில் அதைப் படித்தோம்.

முதலில் தெரிந்துகொண்டது மெய்நிகர் கணினி என்ற விடயம். ஒரு வீட்டுக்குள் அறைகள் தடுப்பதுபோல, ஒரு கணினிக்குள்ளேயே பல கணினிகளை உருவாக்கலாம். 'வேர்ச்சுவல் பொக்ஸ்' என்ற மென்பொருள் அதைச் செய்யும். பயிற்சி பெறும் ஒவ்வொருவருக்கும் ஓர் அறை, கோவைகளுக்குத் தனி அறை. ஒருத்தி தன் அறையில் எதையாவது குழப்பினாலும் மற்றவளுடையது கெடாது. எந்த அறைக்கும் வெளி இணைப்பு இல்லாதபடி அமைத்துக்கொள்ளலாம்.

அறைகளுக்குள் போட 'டெபியன்' என்ற இயங்குதளத்தைத் தெரிந்தெடுத்தோம். 1993 இல் இயன் மர்டொக் என்பவர் தொடங்கியது. தன் தோழி டெப்ராவின் பெயரையும் தன் பெயரையும் சேர்த்தே அந்தப் பெயரை வைத்தார். விலையில்லை. எத்தனை பிரதியும் எடுக்கலாம். உரிமத்தைச் சரிபார்க்க நெற் கேட்காது. இத்தகைய திறந்த மென்பொருளின் அருமை நம் நாட்டுக்குப் புதிதல்ல. 2004 டிசம்பர் 26 இல் முல்லைத்தீவுக் கரையையும் கடல் அள்ளிச் சென்றதே, அந்த அழிவின் பின் காணாமற் போனோரையும் முகாம்களையும் பதிவதற்கு இலங்கைத் தொண்டர்கள் எழுதிய 'சஹானா' என்ற மென்பொருளும் இவ்வகையைச் சேர்ந்ததே. சிங்களத்தில் சஹானா என்றால் நிவாரணம். 2006 ஆம் ஆண்டுக்கான சமூக நன்மை விருதை கட்டற்ற மென்பொருள் அமைப்பு அதற்கு வழங்கியது.

அடுத்தது மூட்டை கட்டும் வேலை. ஒரு மென்பொருள் தனியே வராது. அதற்கு இன்னொன்று வேண்டும், அந்த இன்னொன்றுக்கு மற்றொன்று வேண்டும். அரிசிக்குப் பானை, பானைக்கு நெருப்பு என்பதைப் போல. நெற் இருந்தால் கணினி தானே தேடி எடுத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் எல்லாவற்றையும் முன்கூட்டியே கட்டிக் கொடுக்க வேண்டும். இதற்கு இந்தியரான ரிதேஷ் ராஜ் சராஃப் எழுதிய 'அப்ட்-ஓஃப்லைன்' என்ற கருவி உதவியது. இணைப்பில்லாத கணினி தனக்கு என்னென்ன வேண்டும் என்று ஒரு சாமான் சிட்டை எழுதித் தரும். அதைப் பென்ட்ரைவில் எடுத்துக்கொண்டு நெற் உள்ள இடத்துக்குப் போனால் சிட்டைப்படி எல்லாவற்றையும் இறக்கலாம். திரும்பி வந்து பொருத்தலாம். வெளியே போவது சிட்டை மட்டுமே. கோவைகள் அறையை விட்டு அசையவில்லை.

எங்கள் மூட்டையில் லிப்ரே ஒபிஸ், யுனிகோட் தமிழ் எழுத்துருக்கள், ரெங்கநாதன் விசைப்பலகை ஆகியவற்றோடு பாமினி எழுத்துருவையும் வைத்தோம். பாமினி இல்லாவிட்டால் பழைய கடிதங்கள் எல்லாம் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும்.

வெளியே போய்வரும் பென்ட்ரைவ் ஆபத்தையும் கொண்டுவரலாம். ஈரானின் அணு நிலையத்தில் இணையத்துடன் தொடர்பில்லாத கணினிகளைத் தாக்கியதாக 2010 இல் வெளிப்பட்ட 'ஸ்டக்ஸ்நெற்' வைரஸ் பென்ட்ரைவ் வழியாகவும் பரவக்கூடியது. எனவே இந்த வேலைக்கென ஒரு பென்ட்ரைவை ஒதுக்கினோம். இறக்கிய டெபியன் இறுவட்டுக் கோப்பு சரியானதா என்று பார்க்க, டெபியன் வெளியிடும் 64 எழுத்துக் குறியீட்டோடு ஒப்பிட்டோம். ஓர் எழுத்து மாறினாலும் அதைப் பாவிப்பதில்லை.

கடைசியாகத் தன்னியக்கம். டெபியனைப் பொருத்தும்போது எந்த மொழி, எந்த நேர வலயம், வட்டை எப்படிப் பிரிப்பது, பாவனையாளர் பெயர் என்ன என்று கேள்விமேல் கேள்வி வரும். ஒவ்வோர் அறைக்கும் பக்கத்தில் இருந்து பதில் சொன்னால் நாட்கள் போய்விடும். களைப்பில் ஒன்றை விட்டாலும் அறைகள் வேறுபடும். அதற்காக எல்லாப் பதில்களையும் ஒரே கோப்பில் முன்னரே எழுதி வைக்கலாம். வெளியே எதையும் தேடாதே என்பதும் அதில் ஒரு வரி. அந்தக் கோப்பையும் மூட்டையையும் சேர்த்து ஓர் இறுவட்டு உருவமாக்கிக் கொடுத்தோம். மாலையில் தொடக்கிவிட்டுப் போனோம். காலையில் வந்தபோது பத்து அறைகளும் ஒரேமாதிரி ஆயத்தமாக இருந்தன. முதல்முறை திறக்கும்போது ஒவ்வொருத்தியும் தன் கடவுச்சொல்லைத் தானே மாற்றியாக வேண்டும் என்றும் அமைத்திருந்தோம்.

சகோதரிகளே, இதில் எனக்குப் பெரிதாகப் பட்டது நேரம் மிஞ்சியதல்ல. நமது நிலையங்களில் வேலை தெரிந்த ஒருத்தி திருமணமாகியோ வெளிநாடு சென்றோ போய்விட்டால் அவளோடு அறிவும் போய்விடுகிறது. பதில் கோப்பில் ஒவ்வொரு வரிக்கும் மேலே அது எதற்கு என்று தமிழில் எழுதி வைத்திருக்கிறோம். நாளை வருபவள் வாசித்துத் தொடரலாம்.

அன்று தம்பிக்குப் பதில் சொன்ன அக்கா சாதாரண தரம் வரை படித்தவர். மூன்று பிள்ளைகளைத் தனியாக வளர்ப்பவர். அந்தத் தமிழ்க் குறிப்புகளில் பாதி அவர் எழுதியவை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாதுகாப்புத் திருத்தங்களுக்குச் சிட்டை எடுப்பதும் இப்போது அவர் பொறுப்பு.

உங்கள் ஊர் மாதர் சங்கத்திலோ நிலையத்திலோ கணினி இருந்தால் ஒரு கேள்வியைக் கேளுங்கள்: நாம் சொன்ன கதைகள் எங்கே வைக்கப்பட்டிருக்கின்றன, யார் அதைத் திறக்கலாம்? நம்பிச் சொன்னவளுக்கு அதைக் கேட்க உரிமை உண்டு. தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022 இல் நாட்டில் ஒரு சட்டமும் நிறைவேறியிருக்கிறது. ஆனால் சட்டம் வந்து நமது அறைக் கதவைப் பூட்டாது. பூட்டப் பழக வேண்டியவர்கள் நாமே.