பதின்மூன்று சிறு கற்கள்

தொடர்கதை என்றால் சாப்பாட்டையும் மறந்துவிடும் சகோதரிகளே! இன்று உங்களை ஒரு தொடர்கதை பிறந்த ஊருக்கு அழைத்துப் போகிறேன்.

இங்கிலாந்தில் ராச்செஸ்டர் நகரிலிருந்து வடக்கே ஆறேழு மைல் போனால் கூலிங் என்ற குக்கிராமம் வரும். பெயரைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். குளிருக்கு அங்கே குறைவே இல்லை! தேம்ஸ் நதி கடலைத் தேடிப் போகும் சதுப்பு நிலம் அது. புடவைத் தலைப்பை எவ்வளவு இழுத்துப் போர்த்தினாலும் அந்தக் காற்றுக்குப் போதாது.

ஊரிலுள்ள பழைய தேவாலயத்தின் ஒரு சிற்றறையில் சுவரெல்லாம் கிளிஞ்சல் பதித்திருக்கிறார்கள். அதை அப்புறம் பார்க்கலாம். முதலில் வெளியே, கல்லறைகளின் பக்கம் வாருங்கள். புல்லில் அம்மிக் குழவிகளைக் கிடத்தினாற்போல் சின்னஞ்சிறு கற்கள் தெரிகின்றனவா? எண்ணிப் பாருங்கள், பதின்மூன்று! அத்தனையும் பச்சைக் குழந்தைகள். ஒன்றுகூட இரண்டாவது பிறந்த நாளைக் கண்டதில்லை. சதுப்பு நிலத்துக் குளிர்ஜுரம் கொண்டுபோயிற்று என்கிறார்கள். பெற்றவர்கள் எப்படித் தாங்கினார்களோ!

இந்த இடத்தை மனத்தில் வைத்துத்தான் சார்லஸ் டிக்கன்ஸ் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலைத் தொடங்கினார். ஆனால் கதையில் வருபவை ஐந்தே கற்கள். பதின்மூன்று என்றால் வாசகர்கள் நம்பமாட்டார்கள் என்று நினைத்தாரோ, என்னவோ! தாய் தந்தையை இழந்து அக்காள் வீட்டில் வளரும் பிப் என்ற சிறுவன் இங்கே நிற்கும்போது, தப்பி வந்த கைதி ஒருவன் அவனைப் பிடித்துக்கொள்கிறான். பையன் வளர வளர, யார் யாருக்குப் பிள்ளை, யார் பணத்தில் யார் வாழ்கிறார் என்ற ரகசியங்கள் ஒவ்வொன்றாய் அவிழ்கின்றன. படிக்காதவர்களுக்காக இதோடு வாயை மூடிக்கொள்கிறேன்.

டிக்கன்ஸ் நடத்திய வாரப் பத்திரிகையில் வேறொருவர் எழுதிய தொடர்கதை எடுபடாமல் விற்பனை சரிந்தது. அதைத் தூக்கி நிறுத்தவே 1860 டிசம்பரில் இந்தக் கதையை ஆரம்பித்தார்!

ராச்செஸ்டரில் 'ரெஸ்டோரேஷன் ஹவுஸ்' என்ற செங்கல் மாளிகை இருக்கிறது. கல்யாணம் நின்றுபோன நேரத்திலேயே கடிகாரங்களை நிறுத்திவிட்டு, மணப்பெண் உடையிலேயே கிழவியான ஹாவிஷாம் அம்மாளின் வீட்டுக்கு அதுதான் மாதிரி.

அருகேயுள்ள காட்ஸ் ஹில்லில் டிக்கன்ஸின் சொந்த வீடு. குடும்ப ரகசியங்களை எழுதியவருக்கும் ஒரு ரகசியம் உண்டு. 1824-இல் தகப்பனார் கடனுக்காகச் சிறை சென்றபோது, பன்னிரண்டு வயதுப் பையனை லண்டனில் பூட்ஸ் மைத் தொழிற்சாலைக்கு அனுப்பினார்கள். டப்பாக்களில் சீட்டு ஒட்டும் வேலை. தகப்பனார் விடுதலையாகி அவனை வேலையிலிருந்து நிறுத்தியபோது, திரும்பவும் அங்கேயே அனுப்ப முனைந்தவள் பெற்ற தாய். அதை அவர் கடைசிவரை மறக்கவில்லை. நண்பர் ஜான் ஃபார்ஸ்டரிடம் மனம் திறந்தவர், பெற்ற பிள்ளைகளிடம் மூச்சு விடவில்லை.

1869 கிறிஸ்துமஸுக்குக் குடும்பத்தினர் இந்த வீட்டில் கூடினார்கள். ஒருவர் சொன்ன சொற்களையெல்லாம் அடுத்தவர் திருப்பிச் சொல்லித் தாமும் ஒன்று சேர்க்கும் ஞாபக விளையாட்டு நடந்தது. டிக்கன்ஸின் முறை வந்தது. கண்ணில் ஒரு விசித்திர மினுக்குடன், அந்த மைக் கம்பெனியின் பெயரையும் தெருவையும் கதவு எண்ணையும் சொன்னார். பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆட்டம் அடுத்தவருக்குப் போய்விட்டது.