ஒருவர் செலவு, மற்றொருவர் வரவு

செலவு என்னும் சொல்லைக் கேட்டாலே நம் குடும்பங்களில் ஒரு தயக்கம் தோன்றுவது இயல்பு. பிழைப்பை நாடிப் பிறந்த ஊரை விட்டு வந்தவர்கள் நாம். கையில் நாலு காசு இருந்தால்தான் அயலூரில் நிமிர்ந்து நிற்க இயலும் என்று பெரியோர் நமக்குச் சொல்லிக் கொடுத்தனர். அனுபவமும் அதையே உறுதிப்படுத்தியது. ஆதலின் சிக்கனம் நம்மிடையே ஓர் அறமாகவே போற்றப்பட்டு வருகிறது. அதைக் குறை கூறுவது நமது நோக்கமன்று. ஆயினும், 2020ஆம் ஆண்டில் வந்த பெருந்தொற்று, சிக்கனத்திற்கு மற்றொரு முகமும் உண்டு என்பதைக் காட்டிச் சென்றது. அதனைப் பற்றிச் சிறிது சிந்திப்பது நன்று.

அவ்வாண்டு மார்ச் 25ஆம் நாள் நாடெங்கும் ஊரடங்கு தொடங்கியது. முதலில் 21 நாட்கள் என்றார்கள். பின்னர் அது சிறிது சிறிதாக நீண்டு மே மாத முடிவு வரை சென்றது. மும்பை நகரின் உயிர்நாடியான மின்சார ரயில்கள் ஊரடங்கிற்குச் சில நாட்கள் முன்பே நின்றுவிட்டன. ஜூன் 15ஆம் நாள் அவை மீண்டும் ஓடத் தொடங்கியபோதும், அத்தியாவசியப் பணியாளர்க்கு மட்டுமே இடம் கிடைத்தது. பொதுமக்கள் யாவரும் ஏறலாம் என்ற நிலை, அதுவும் நேரக் கட்டுப்பாட்டுடன், 2021 பிப்ரவரி முதல் நாளில்தான் வந்தது.

எங்கள் இல்லத்தில் வரவு செலவைக் குறிப்பேட்டில் எழுதி வைக்கும் பழக்கம் உண்டு. அந்த ஏப்ரல், மே மாதப் பக்கங்களை அண்மையில் புரட்டிப் பார்த்தோம். அரிசி, பருப்பு, எண்ணெய், பால், சோப்பு, மருந்து ஆகியவை நிறைந்திருந்தன. ரயில் சீசன் டிக்கெட் இல்லை, ஓட்டல் சிற்றுண்டி இல்லை, முடிவெட்டும் செலவு இல்லை, இஸ்திரிக் கூலி இல்லை, சினிமா இல்லை. கோடை விடுமுறையில் ஊருக்குப் போக எடுத்திருந்த டிக்கெட்டுகளின் பணமும் திரும்பி வந்து வரவுப் பக்கத்தில் ஏறியிருந்தது. மாதச் சம்பளம் தடையின்றிக் கிடைத்த எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு, மாத முடிவில் வழக்கத்தைக் காட்டிலும் கூடுதலாகவே மிச்சம் இருந்தது.

அந்த மிச்சம் எங்கிருந்து வந்தது? எங்கள் கணக்கில் எழுதப்படாமல் நின்ற ஒவ்வொரு வரியும், வேறொருவர் கணக்கில் வராமற்போன ஒரு வரவு அன்றோ!

தாராவியில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள் பல, விடியுமுன் எழுந்து இட்லி அவித்து, சட்னியும் சாம்பாருமாய்ப் பாத்திரங்களில் ஏந்தி, நகரின் மூலை முடுக்கெல்லாம் சென்று விற்பவை என்பது மும்பைவாசிகள் அறிந்ததே. ரயிலும் அலுவலகமும் நின்றதும் அவர்கள் வியாபாரமும் நின்றது. ஏப்ரல் முதல் நாளில் தாராவியிலேயே தொற்று கண்டறியப்பட்டதும், வெளியே செல்வதும் அரிதாயிற்று. இட்லிக்காரர் பட்ட நஷ்டம் அவரோடு முடியவில்லை. அவர் அரிசி, உளுந்து வாங்கும் கடைக்காரர், தேங்காய் தருபவர், வாடகை பெறுபவர், ஊரில் அவர் அனுப்பும் பணத்தை எதிர்பார்த்திருக்கும் தாய் தந்தையர் என்று அது கைமாறிச் சென்றது.

இவ்வாறு கோடிக்கணக்கான குடும்பங்களில் நடந்ததன் கூட்டுத் தொகையே நாட்டின் கணக்கு. 2020 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டில் நாட்டின் மொத்த உற்பத்தி, முந்திய ஆண்டின் அதே காலாண்டைக் காட்டிலும் 23.9 சதவீதம் சுருங்கியதாக முதல் மதிப்பீடு கூறியது. மக்கள் தம் நுகர்வுக்காகச் செய்யும் செலவு நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. கட்டுமானத் தொழில் பாதியாயிற்று. வணிகம், ஓட்டல், போக்குவரத்து ஆகியவை அடங்கிய துறை 47 சதவீதம் வீழ்ந்தது. உழவுத் தொழில் ஒன்றே 3.4 சதவீதம் வளர்ந்து நின்றது.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். அந்த ஏப்ரல் மாதத்தில் மாருதி சுசூகி நிறுவனம் உள்நாட்டில் ஒரு கார்கூட விற்கவில்லை. ஆனால் ஏப்ரலில் வாங்காத காரை நவம்பரில் வாங்கலாம். தள்ளிப்போன செலவு பிறகு வந்து சேரும். ஏப்ரலில் உண்ணாத இட்லியை நவம்பரில் இரட்டிப்பாக உண்பார் யாருமில்லை. நான்கு மாதம் முடிவெட்டாதவரும் கடை திறந்தபின் ஒரு முறைதான் வெட்டிக்கொள்கிறார். பெரிய ஆலைக்கு நேர்ந்தது தாமதம். அன்றாடம் உழைத்துப் பிழைப்பவர்க்கு நேர்ந்ததோ மீளாத இழப்பு.

கடைகள் திறந்த பிறகும் மக்கள் கை தாராளமாக நீளவில்லை. நாளை வேலை இருக்குமோ, வீட்டில் யாருக்கேனும் நோய் வருமோ என்ற அச்சம் பணப்பையின் வாயைக் கட்டியது. குடும்பங்களின் நிகர நிதிச் சேமிப்பு, முந்திய ஆண்டில் நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 8 சதவீதமாக இருந்தது, 2020-21இல் 11 சதவீதத்தைத் தாண்டியது. தனித்தனியே பார்த்தால் இது விவேகம். ஆனால் எல்லோரும் ஒரே சமயத்தில் செலவைச் சுருக்கினால் எல்லோருடைய வருமானமும் சுருங்கும் என்பதைக் கெயின்ஸ் என்னும் ஆங்கிலேயப் பொருளியல் அறிஞர் 1936இல் வெளியான தம் நூலிலேயே விளக்கியிருக்கிறார்.

அரசாங்கமும் இதை உணர்ந்திருந்தது. ஏறத்தாழ 80 கோடிப் பேருக்கு மாதம் 5 கிலோ தானியம் விலையின்றி வழங்கப்பட்டது. பெண்களின் ஜன்தன் கணக்குகளில் மூன்று மாதம் 500 ரூபாய் வீதம் செலுத்தப்பட்டது. ரிசர்வ் வங்கி தன் ரெப்போ வட்டியை 4 சதவீதமாகக் குறைத்தது. அக்டோபர் 12ஆம் நாள் மத்திய அரசு ஊழியர்க்கு 10,000 ரூபாய் வட்டியில்லாத பண்டிகை முன்பணமும், பயணச் சலுகைக்கு ஈடான பணமும் அறிவிக்கப்பட்டன. பயணச் சலுகைப் பணத்தைப் பெறுவோர், 12 சதவீதமோ அதற்கு மேலோ ஜி.எஸ்.டி. உள்ள பொருள்களை மார்ச் மாத முடிவிற்குள் வாங்கியாக வேண்டும் என்பது நிபந்தனை. சேமியுங்கள் என்று நமக்குச் சொல்லி வந்த அரசாங்கமே, செலவழியுங்கள் என்று கேட்டுக்கொண்ட காலம் அது! ஆயினும் அத்தகைய வரியுள்ள பண்டங்கள் பெரும்பாலும் ஆலையிலிருந்து வருவன. கூடையில் இட்லி விற்பவர்க்கு அதனால் நேர்ப்பயன் இல்லை. தெருவோர வியாபாரிகளுக்கென 10,000 ரூபாய்க் கடன் திட்டம் ஒன்றும் வந்தது. கடன் மாவு வாங்கித் தரும். வாங்கி உண்பவரைக் கொண்டு வருமா?

எங்கள் வீட்டில் பாத்திரம் துலக்கி வந்த அம்மையாரைக் கட்டடத்திற்குள் விடுவதில்லை என்று குடியிருப்போர் முடிவு செய்திருந்தனர். வராத மாதங்களுக்குச் சம்பளம் எதற்கு என்ற பேச்சும் எழுந்தது. எங்கள் சம்பளம் நிற்காதபோது அவர் சம்பளம் மட்டும் நிற்பானேன் என்று எண்ணி, முழுத்தொகையையும் அவர் மகனது வங்கிக் கணக்கிற்கு மாதந்தோறும் அனுப்பினோம். முதல் மாதம் அவரே தொலைபேசியில் அழைத்து, “வேலை செய்யாம காசு வாங்கக் கூச்சமா இருக்கும்மா” என்றார். “அக்கா, இது தானமில்லை, உங்கள் சம்பளம்” என்று பதில் சொன்னோம். அந்தப் பணத்தில் பாதி வாடகைக்கும், மீதி அவர் தெருமுனை மளிகைக் கடைப் பாக்கிக்கும் போயிற்று என்று பின்னர் கூறினார். அந்தக் கடைக்காரர் மேற்கொண்டு கடன் கொடுக்க முடிந்ததும் அதனாலேதான். ஒரே தொகை மூன்று வீட்டு அடுப்பை எரித்தது.

இட்லிக்காரருக்கு அவ்விதம் செய்ய வழியில்லை. அவருக்கும் நமக்கும் இடையே மாதச் சம்பளம் என்ற உறவு இல்லை. இத்தகைய இடத்தில்தான் சங்கம் உதவ முடியும். நம் பகுதியில் உள்ள சிறு வியாபாரிகள், சமையற்காரர்கள், தையற்காரர்கள் ஆகியோரின் பெயரும் முகவரியும் கொண்ட ஒரு பதிவேடு இருந்தால், நெருக்கடிக் காலத்தில் முன்பணம் கொடுத்து அவர்களிடம் வேலை வாங்கலாம். கொடுப்பவர்க்குப் பொருள் வரும். பெறுபவர்க்கு மானம் கெடாது.

நெருக்கடி மீண்டும் வரலாம். அப்பொழுது புதிய தொலைக்காட்சியையும் நகையையும் தள்ளிப்போடுவோம், அவை காத்திருக்கும். ஒருவரின் அன்றாடக் கூலியாக இருக்கும் செலவை மட்டும் கடைசி வரையில் வெட்டாதிருப்போம். சேமிப்பு நமக்கு வேண்டும்தான். அது பிறர் உலையில் விழ வேண்டிய அரிசியாக இருக்கலாகாது.