அடுத்தாள் வந்தாச்சு!

ஊரை விட்டுக் கிளம்புவது ஒன்றும் பெரிய கஷ்டமில்லை சார். கிளம்புவதற்குள் புதுசாய் வந்தவனுக்கு ஊரைச் சுற்றிக் காட்டுவதற்குள்தான் தாவு தீர்ந்துவிடுகிறது. அதிலும் சிங்கப்பூரை. அதிலும் ஒன்றரை நாளில்!

இரண்டு வருஷம் அங்கே ஒரு கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். கான்ட்ராக்ட் முடிந்தது. என் நாற்காலிக்கு வந்த தம்பி, அறந்தாங்கிப் பக்கம். வயசு இருபத்தைந்து. சனிக்கிழமை காலை சாங்கியில் வந்து இறங்கினான். எனக்கு ஞாயிறு ராத்திரி திருச்சி ஃப்ளைட். ஆபீஸ் ஃபைல்களுக்குப் பட்டியல் போட்டு வெள்ளிக்கிழமையே மேஜைமேல் வைத்தாயிற்று. ஒப்படைக்க வேண்டிய பாக்கி, சிங்கப்பூர் மட்டும்தான்.

"விலாசத்தைக் கொடுத்தா டாக்ஸி பிடிச்சு வந்துட்டுப் போறான். நீ பெட்டியைக் கட்டுற வழியைப் பாரு" என்றார் அறை நண்பர்.

எனக்கு மனசு கேட்கவில்லை. காரணம் இருக்கிறது. நான் வந்தபோது, எனக்கு முன்னால் இருந்தவர் கிளம்பிப் போய் நாலு நாள் ஆகியிருந்தது. அவர் எனக்காக விட்டுப் போனது ஒரு ரைஸ் குக்கர். அதன்மேல் ஒரு துண்டுச் சீட்டு: 'மூடி சரியாக மூடாது. மேலே கனம் வைக்கவும்.' எனக்குக் கிடைத்த சிங்கப்பூர் கைடு அவ்வளவுதான்! முதல் ராத்திரி பிஸ்கட்டைத் தின்று தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தேன். பக்கத்து பிளாக்கின் கீழேயே சாப்பாட்டுக் கடைகள் இருப்பது மறுநாள் மத்தியானம்தான் தெரிந்தது. அன்றைக்குப் போட்ட சபதம் இது.

ஏர்போர்ட்டிலிருந்து ரயிலிலேயே கூட்டி வந்தேன். எஸ்கலேட்டரில் தம்பி நட்டநடுவில் நின்றான். பின்னால் ஒரு சின்ன டிராஃபிக் ஜாம். "தம்பி, இடது பக்கம் ஒதுங்கி நில்லு. வலது பக்கம் அவசரக்காரங்களுக்கு" என்று இழுத்து நிறுத்தினேன். ரயில் பெட்டியில் தமிழைப் பார்த்ததும் பையனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. நாலு ஆட்சி மொழியில் தமிழும் ஒன்று, ரூபாய் நோட்டு மாதிரி இங்கே டாலர் நோட்டிலும் 'சிங்கப்பூர்' என்று தமிழில் இருக்கும் என்றதும், உடனே பர்ஸைத் திறந்து சரிபார்த்தான். கணக்குப்பிள்ளை ஜாதி!

அடுத்து அபராதப் பலகை. ரயிலில் தின்றால், குடித்தால் 500 டாலர். சிகரெட் பிடித்தால் 1000. தீப்பிடிக்கும் சாமான் கொண்டுவந்தால் 5000. கடைசியில் டுரியான் பழத்தின் படம், குறுக்கே ஒரு கோடு. தொகை மட்டும் இல்லை.

"இந்தப் பலாப்பழத்துக்கு ரேட் போடலையே அண்ணே?"

"பலாப்பழம் இல்லைடா. அந்த வாசனைக்கு யாராலயும் விலை போட முடியலை."

தோ பாயோவில் பெட்டியை வைத்துவிட்டு நேரே சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். தேநீர் வாங்குவது அங்கே ஒரு தனி இலாகா. 'தே' என்றால் கண்டென்ஸ்டு மில்க் போட்டது. 'தே ஓ' என்றால் பால் இல்லாமல் சர்க்கரை மட்டும். 'தே சி' என்றால் எவாப்பரேட்டட் மில்க். 'கோசோங்' சேர்த்தால் சர்க்கரை கிடையாது. பாடத்தை ஒருமுறை ஒப்பித்துவிட்டுத் தம்பி கம்பீரமாகப் போய், கறுப்பாய் ஒரு டம்ளரோடு திரும்பி வந்தான்.

"பால் டீதானே வேணும்னே?"

"'தே'ன்னு மொட்டையா சொல்றதுக்கு ஒரு மாதிரி இருந்துச்சு அண்ணே. ஓ போட்டா மரியாதையா இருக்குமேன்னு..."

உட்காரும்போது அடுத்த சோதனை. மேஜைமேல் டிஷ்யூ பாக்கெட் ஒன்று கிடந்தது. தம்பி அதைப் பிரித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜம்மென்று உட்கார்ந்தான். நூடுல்ஸ் தட்டோடு ஒரு சீனத்துப் பாட்டியம்மா வந்து நின்று அவனையே பார்த்தார். அங்கே டிஷ்யூ பாக்கெட் என்பது பஸ் சீட்டில் நாம் போடும் துண்டு மாதிரி சார்! நான் எழுந்து மன்னிப்புக் கேட்டதும் பாட்டி சிரித்துவிட்டு, எங்களோடேயே உட்கார்ந்து சாப்பிட்டார். சாப்பிட்ட தட்டை அதற்கான இடத்தில் நாமேதான் கொண்டுபோய் வைக்க வேண்டும். 2021 முதல் அதற்கும் அபராதம் உண்டு.

காசு கொடுக்கும்போது தம்பி உதடு அசைவதைக் கவனித்தேன். டாலரை ரூபாயாகப் பெருக்குகிறான்! "அதை இன்னிக்கே நிறுத்து. பெருக்கினா பட்டினிதான் கிடப்பே. வீட்டுக்குப் பணம் அனுப்புற அன்னிக்கு மட்டும் பெருக்கிக்க. சந்தோஷமா இருக்கும்" என்றேன். நான் முதல் மூன்று மாசம் பெருக்கியே ஆறு கிலோ இளைத்தவன்.

ஞாயிறு காலை, சைனாடவுன். சவுத் பிரிட்ஜ் ரோட்டில் மாரியம்மன் கோயில். சைனாடவுன் நடுவில் நம்ம ஊர் கோபுரத்தைப் பார்த்துத் தம்பி செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டான். 1819-ல் ராஃபிள்ஸோடு பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளையின் முயற்சியால் 1827-ல் எழும்பிய கோயில் அது. வந்த இடத்தில் பிள்ளை செங்கல் சூளை வைத்தார், துணிக்கடை வைத்தார். 1822-ல் கடை தீப்பிடித்துக் கடனாளியானார். மறுபடி எழுந்து நின்றார்.

"அவருக்கு யாரு அண்ணே ஊரைச் சுத்திக் காட்டினது?" என்றான் தம்பி. சுற்றிக் காட்ட அப்போது ஊரே பெரிசாய் இல்லையே!

அங்கிருந்து பத்து நிமிஷம் நடந்தால் மார்க்கெட் ஸ்ட்ரீட். இப்போது கண்ணாடிக் கட்டிடங்கள். ஒரு காலத்தில் இங்கே நகரத்தார் கிட்டங்கிகள் இருந்தன. நீளமான கூடம், தரையில் வரிசையாய்ச் சின்ன மேஜையும் பெட்டியும். ஒவ்வொரு பெட்டியும் ஒரு கடை. பகலெல்லாம் வட்டிக் கணக்கு, ராத்திரி அங்கேயே படுக்கை. ஏஜெண்டாக வந்தவர் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு மூன்று வருஷம் போல வேலை பார்ப்பார். பிறகு புதுசாய் வருகிறவரிடம் கணக்கை ஒப்படைத்துவிட்டுக் கப்பலேறுவார். ஏஜெண்டுக்கு அடுத்தபடியில் இருந்தவருக்கு உத்தியோகப் பெயரே 'அடுத்தாள்'.

"அப்ப நான் அடுத்தாளா அண்ணே?"

"இன்னிக்கு ராத்திரி வரைக்கும். நான் கப்பலேறினதும் நீதான் ஏஜெண்டு."

சிரித்தான். எனக்குத்தான் என்னவோ போலிருந்தது. இரண்டு வருஷம் ஏதோ என் ஒருத்தன் தலையில் மட்டும் எழுதியிருந்த மாதிரி புலம்பியிருக்கிறேன். நூறு வருஷத்துக்கு முன்னால் இதே தெருவில் ஒருத்தர் பெட்டிக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு இதையேதான் புலம்பியிருப்பார்.

மெர்லயனையும் காட்டினேன். சிங்கத் தலை, மீன் உடம்பு, வாயிலிருந்து தண்ணீர். 1972-ல் வைத்தது. எதிரே 57 மாடி ஓட்டல், தலைமேல் கப்பல் மாதிரி ஒன்றைச் சுமந்துகொண்டு. "நீங்க இங்கே அடிக்கடி வருவீங்களா அண்ணே?" என்று கேட்டான். உண்மையைச் சொல்லவா? அன்றைக்குத்தான் நானும் முதல்முதலாய்ப் பார்த்தேன்! ஆபீஸ், கட்டில், ஞாயிற்றுக்கிழமை தேக்கா. இரண்டு வருஷமும் இந்த மூன்று ஸ்டேஷனிலேயே ஓடிவிட்டது. "ம்... அப்பப்ப" என்றேன்.

மத்தியானம் தேக்கா. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் போனால் சிராங்கூன் ரோடா, திருச்சி பஸ் ஸ்டாண்டா என்று சந்தேகம் வரும். கட்டிட வேலை, கப்பல் பட்டறை வேலை என்று ஆறு நாள் உழைத்தவர்கள் அத்தனை பேரும் அங்கேதான். முடிவெட்டும் கடை, பணம் அனுப்பும் கடை, இரண்டு பேரும் சாப்பிட்ட கோமள விலாஸ் (1947 முதல் இருக்கிறது) எல்லாவற்றையும் காட்டினேன். பொது இடத்தில் ராத்திரி பத்தரைக்கு மேல் குடிக்கக் கூடாது என்ற 2015-ம் வருஷச் சட்டத்தையும் சொல்லி வைத்தேன். முஸ்தபாவில் கோடாலித் தைலமும் மைலோ டின்னும் வாங்கினேன். அவை இல்லாமல் சிங்கப்பூரிலிருந்து திரும்பியவன் என்றால் ஊரில் யார் நம்புவார்கள்?

கால் வலிக்கவே புல்தரையில் உட்கார்ந்தோம். சுற்றிலும் ஆளாளுக்கு ஒரு போன். ஒருத்தர் திரைக்கு முத்தம் கொடுத்துக்கொண்டிருந்தார். அதுவரை கலகலவென்று பேசிக்கொண்டு வந்த தம்பி திடீரென்று கேட்டான்.

"எத்தனை நாள்ல அண்ணே பழகும்?"

"ஒரு வாரம்" என்றேன் சட்டென்று.

அவன் தலையை ஆட்டிக்கொண்டு புல்லைப் பிய்த்தான். அதற்குப் பிறகு எனக்கு அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அறைக்கு வந்து அவன் குளிக்கப் போன நேரத்தில் ஒரு காரியம் செய்தேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஏர்போர்ட்டில் என் பெட்டி இரண்டு கிலோ கூடுதல். வேறு வழியில்லாமல் மைலோ டின்னை எடுத்துத் தம்பி கையில் கொடுத்தேன். "தனியா ரயில்ல போயிடுவியா? எங்கெங்க மாறணும்?" என்றேன். ஒப்பித்தான். கும்பிட்டுவிட்டு எஸ்கலேட்டரில் இறங்கினான். பார்த்துக்கொண்டே நின்றேன். இடது பக்கம் ஒதுங்கி, மைலோ டின்னை மார்போடு அணைத்தபடி போனான்.

திருச்சியில் இறங்கிப் போனைப் போட்டதும் செய்தி வந்து விழுந்தது:

'தோ பாயோ வந்துட்டேன் அண்ணே. வெளியே வர்ற வழி தப்பிடுச்சு, கேட்டு வந்துட்டேன். குக்கர் மேல சீட்டைப் படிச்சேன். மூடி மேல மைலோ டின்னை வெச்சிருக்கேன். சோறு நல்லா வெந்துச்சு.'

சீட்டில் நான் எழுதியிருந்தது இதுதான்: 'ஒரு வாரம் என்று சொன்னது பொய். எனக்கு எட்டு மாசம் ஆச்சு. ஆனால் பழகும். மெர்லயனுக்கு அடிக்கடி போ. மூடி சரியாக மூடாது, மேலே கனம் வைக்கவும்.'