புல்லுக்கும் ஒரு ஆடிட்

கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் குளிர் போய் வெயில் வந்ததும் வீட்டு வாசல் புல்தரைகளில் மஞ்சள் மஞ்சளாக டாண்டிலயன் பூத்துவிடும். பார்க்க அழகுதான், ஆனால் ஊர்க்காரர்களுக்கு அது களை. 2009 ஏப்ரல் 22-க்கு முன்பு என்றால் கடையில் ஒரு டப்பா 2,4-டி வாங்கித் தெளித்துவிடலாம். அன்று முதல், வெறும் அழகுக்காகப் புல்தரையில் பெரும்பாலான ரசாயன மருந்துகளைத் தெளிக்க மாகாணம் தடை போட்டுவிட்டது. ஸ்கார்பரோவில் வீடு வாங்கிய தமிழர்களும் குனிந்து கையால் பிடுங்க வேண்டியதுதான்.

ஆனால் அதே தெருக்கோடியில் ஒரு கோல்ஃப் மைதானம் இருந்தால், அங்கே தெளிக்கலாம்!

வீட்டுக்காரனுக்கு ஒரு சட்டம், விளையாட்டுக்காரனுக்கு ஒரு சட்டமா என்று யாருக்கும் கோபம் வரும். இந்தச் சலுகை புதிதல்ல. கியூபெக்கில் ஹட்சன் என்ற சிற்றூரில் ஜூன் இர்வின் என்ற தோல் மருத்துவர் 1980-களில் ஊர் மன்றத்தை விடாமல் கேள்வி கேட்டதன் பலனாக, 1991-இல் அந்த ஊரே ஒரு தடை விதி கொண்டுவந்தது. மருந்து தெளிக்கும் இரண்டு கம்பெனிகள் வழக்குப் போட்டன. 2001-இல் கனடா உச்ச நீதிமன்றம் ஊரின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அந்த ஹட்சன் விதிகூட கோல்ஃப் மைதானத்துக்கு 5 வருட அவகாசம் கொடுத்திருந்தது.

கோல்ஃப்காரர்கள் சொல்லும் காரணத்திலும் கொஞ்சம் நியாயம் உண்டு. குழி இருக்கும் 'கிரீன்' பகுதியில் புல்லைச் சுமார் 3 மில்லிமீட்டர் உயரத்துக்கு ஒட்ட வெட்டுகிறார்கள். (முதல் நாள் மொட்டை அடித்த தலை மாதிரி.) அந்த அளவுக்குச் சிரைத்த புல்லுக்கு நோய் சீக்கிரம் வரும். டாலர் ஸ்பாட் என்ற பூஞ்சை நோய் காசு காசாகப் புள்ளி வைத்துக்கொண்டே போகும்.

அதனால் ஒண்டாரியோ சலுகையை நிபந்தனையோடு கொடுத்தது. மைதானம் 'ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மை' அங்கீகாரம் பெற வேண்டும். அதாவது, தேதி பார்த்து மருந்தடிக்கக் கூடாது. தினமும் நடந்து பார்த்து, எவ்வளவு நோய் என்று குறித்துவைத்து, ஒரு வரம்பைத் தாண்டினால் மட்டுமே மருந்து. அதற்கு முன் வேறு வழிகள் இருக்கின்றன: விடிகாலையில் புல்மேல் உள்ள பனியைத் துடைத்துவிட்டாலே டாலர் ஸ்பாட் கணிசமாகக் குறையும். எந்த மருந்து, எவ்வளவு, எதற்காக, அடுத்த வருடம் குறைக்க என்ன செய்யப்போகிறார்கள் என்று ஆண்டறிக்கை எழுத வேண்டும். 2009 விதிப்படி ஊர்மக்களைக் கூட்டி அதை விளக்கவும் வேண்டியிருந்தது.

வணிகவியல் படிப்பவர்களுக்கு இது பழகிய சங்கதி. பதிவேடு, தணிக்கை, ஆண்டறிக்கை, பொதுக்கூட்டம்! பழகியதாலேயே இதன் ஓட்டையும் தெரியும். கணக்கு ஒழுங்காக எழுதியிருக்கிறதா என்றுதான் ஆடிட்டர் பார்ப்பார். செலவு குறைந்ததா என்பது வேறு கேள்வி. இந்த இடத்தில் கியூபெக் ஒரு படி மேல். 2006 முதல் அங்கே ஒவ்வொரு மைதானமும் மூன்று வருடத்துக்கு ஒரு முறை மருந்தைக் குறைப்பதற்கான திட்டத்தையே, ஒரு வேளாண் வல்லுநர் கையெழுத்தோடு, அரசிடம் கொடுக்க வேண்டும் என்று விதி வந்தது.

மைதானத்தைப் பராமரிப்பவரின் நிலைமைதான் பாவம். மருந்தைக் கலப்பதும் அவர் ஆட்கள், அந்தக் காற்றைச் சுவாசிப்பதும் அவர்கள். ஆகஸ்ட் மாதம் புல் லேசாகப் பழுத்தால், டிவியில் பார்த்த பச்சை இங்கே ஏன் இல்லை என்று சந்தா கட்டிய உறுப்பினர் அவரிடம்தான் வந்து நிற்பார். வரம்பு எவ்வளவு என்று புத்தகத்தில் ஒரு எண் இருக்கும். உறுப்பினரின் பொறுமைக்கு அதில் எண் கிடையாது. அன்று மருந்தடித்தால், ஆண்டறிக்கையில் காரணம் என்ற இடத்தில் 'டாலர் ஸ்பாட்' என்றுதான் எழுதியிருக்கும்.